மரியதாஸும் ‘வா’ என்ற சொல்லும்

மரியதாஸ் போய்விட்டான் என்று அவன் மகள் ஸ்டெல்லா சிரம்பானை ஒட்டிய ரஹாங்கிலிருந்து போன் செய்தபோது நான் பசியாறிக்கொண்டிருந்தேன். “அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு மாமா. நீங்க வர்ற வரைக்கும் பெட்டிய மூட மாட்டோம்” என்றாள். கையில் இருந்த தோசையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அவன் என்றே எழுதுகிறேன். ‘அவர்’ என்று எழுதினால், “எந்தப் பெரிய மனுசனப் பத்திலா எழுதற?” என்று கேட்பான். ரஹாங்கில் நாங்கள் நடத்திய பட்டறைக்கு வண்டி கொண்டுவந்தவர்களுக்கு அவனைத் தெரியும். வண்டிச் சாமான் நீங்கள் வாங்கி வந்தால் தட்டிப் பார்ப்பான், முகம் சுளிப்பான், அதையேதான் மாட்டுவான். தேவாலயத்தில் அவன் பாடினால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். அவன் பட்டறையில் வேலை செய்யும்போது ‘வா, வா’ என்று முணுமுணுப்பதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இனி தெரியட்டும்.

வெள்ளைக்காரர்கள் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகால வருஷங்களில் நாங்கள் இருவரும் கோலா பிலா சாலையில் ஓர் எஸ்டேட் பட்டறையில் ஃபிட்டர்கள். ஒரே வயசு, ஒரே நாளில் சேர்ந்தவர்கள். தொழிலாளர் லயங்களையும் பட்டறையையும் சுற்றி முள்வேலி. மாலை ஆறு மணிக்குக் கேட்டை மூடினால் காலையில்தான் திறப்பார்கள். துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து துரை தன் காரைச் சுற்றி இரும்புத் தகடு அடித்திருந்தார். அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் அடிக்கடி வளைந்துவிடும். புது ஆர்ம் மாட்டுவது பெரிய வேலையில்லை. பழையதைப் பிரிப்பதுதான் வேலை. ஆர்மின் நுனியில் இருக்கும் பால் ஜாயிண்டின் தண்டு, சக்கரத்தைத் தாங்கும் இரும்பின் ஓட்டைக்குள் ஆப்பு மாதிரி இறுகிக் கிடக்கும்.

தண்டின் மரை மேல் அடிப்பவனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். மரை நசுங்குமே தவிர ஜாயிண்டு அசையாது. அடிக்க வேண்டியது ஓட்டையைச் சுற்றியுள்ள இரும்பை. அதுவும் இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால், ஒரே நேரத்தில். அப்படி அடித்தால் இரும்பு ஒரு கணம் பிடியை விடும். நட்டை மட்டும் முழுசாகக் கழற்றக் கூடாது. “விட்டதும் தெறிச்சி ஓடாம புடிச்சிக்க ஒண்ணு வேணும்ல” என்பான் தாஸ்.

இரண்டு சுத்தியலும் ஒன்றாக விழ, ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். எங்களுக்கு முன்பு அங்கே இருந்த மலாய்க்கார ஃபிட்டர் ‘புக்குல்’ என்று சொல்லிப் பழக்கியிருந்தார். மலாயில் அதற்கு ‘அடி’ என்று பொருள். மணி சொல்வதற்கும் அதே சொல்தான். நாங்களும் ‘புக்குல்’ என்றே அடித்துவந்தோம்.

தாஸின் அண்ணன் அந்தோணி எஸ்டேட் தொழிற்சங்கத்தில் முன்னால் நின்றவர். ஒரு விடியற்காலையில் போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. மாதக் கணக்கில் தடுப்புக்காவலில் வைத்திருந்துவிட்டு அவரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவதாக முடிவாயிற்று. ஊர் என்றால், கைக்குழந்தையாக விட்டு வந்த ஊர். அன்று இரவு சிரம்பான் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருந்து, விடிவதற்குள் துறைமுகத்துக்கு ரயில் ஏற்றிவிடுவார்கள். இந்தச் செய்தி எங்களுக்கு எட்டியபோது பகல் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அன்றைய பஸ் போய்விட்டிருந்தது.

துரை நல்ல மாதிரிதான். “நான் இன்று சிரம்பானுக்குப் போக வேண்டும். ஆறு மணிக்குள் கார் தயாரானால் நீயும் ஏறிக்கொள். அதிகாரியிடம் நான் பேசுகிறேன்” என்றார். காரோ ஆர்ம் வளைந்து பட்டறையில் ஜாக்கி மேல் நின்றது.

மேல் ஆர்மின் ஜாயிண்டு சுலபமாக வந்தது. கீழ் ஆர்மின் ஜாயிண்டு அசையவில்லை. அடித்தோம், மண்ணெண்ணெய் விட்டோம், திரும்ப அடித்தோம். தாஸின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

“அண்ணனப் பாத்து என்ன பேசப் போற?” என்று கேட்டேன், பேச்சுக் கொடுக்கத்தான்.

“என்னா பேசறது. ‘போயிட்டு வாண்ணே’ன்னு சொல்லணும், பெருமாளு. அன்னிக்கி யாருமே சொல்லலயே.”

நான் மறுபடியும் சுத்தியலை எடுத்தேன். நிழல் நீண்டது. கை மரத்துவிட்டது. இரண்டு பேரும் சுத்தியலை ஓங்கி, அவன் குரலுக்காக நான் காத்திருந்த நேரத்தில், கேட்டுக் காவலில் இருந்த மலாய்க்காரப் போலீஸ்காரர் வாசலில் வந்து நின்றார். தாஸ் மேல் அவருக்குப் பிரியம் உண்டு. “புக்குல் எனாம், பங்” என்றார் மெதுவாக. ‘ஆறு மணி ஆகிவிட்டது, அண்ணே’ என்று சொல்ல வந்தவர். ஆனால் ‘புக்குல்’ என்று காதில் விழுந்ததும் எங்கள் இரண்டு சுத்தியலும் ஒன்றாக இறங்கின. டக்கென்று ஜாயிண்டு விட்டது.

அத்தனை சுத்தமாக நாங்கள் என்றைக்குமே அடித்ததில்லை. வேலிக் கேட்டை மூடும் சத்தம் வந்தது. தாஸ் புது ஆர்மை எடுத்து மாட்டத் தொடங்கினான். “விடு தாஸு, நாளைக்குப் பாக்கலாம்” என்றேன். “தொரைக்கி நாளைக்கி வண்டி வேணும்லா” என்றான். நட்டை முறுக்கி, அது கழலாமலிருக்கப் பின்னூசி போட்டு வளைத்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்தான். அந்தோணியண்ணன் திரும்பி வரவேயில்லை.

அடுத்த வாரம் ஒரு லாரி வந்தது. சுத்தியலை ஓங்கிக்கொண்டு காத்திருந்தேன். ‘புக்குல்’ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தாஸ்தான் சொன்னான், “வா” என்று. அடித்தோம். அதன்பிறகு எங்களுக்குள் அதுதான் குரல். அவசரகாலம் முடிந்து ரஹாங்கில் பட்டறை போட்டோம். ஜாயிண்டைக் கழற்றும் கருவி வாங்கிய பிறகு அடிக்கவே வேண்டியதில்லை, திருகினால் போதும். அப்போதும் திருகிக்கொண்டே “வா, வா” என்பான். “யாரக் கூப்புடுறீங்க அண்ணே?” என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். “ஜாயிண்டத்தான்லா. வர மாட்டேங்குது” என்பான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

தாஸு, உன்னை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அந்த எஸ்டேட்டும் வேண்டாம், அந்த வேலியும் வேண்டாம். எதிர்ப்பக்கம் சுத்தியலோடு நீ உட்கார்ந்திருந்தால் போதும்.

உன்னுடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு சொல்தான். ஊறுகாய் ஜாடி மூடி திறக்கவில்லை என்றால்கூட என் வாய் தானாக ‘வா’ என்கிறது. மருமகள் சிரிக்கிறாள்.

நான் ரஹாங்குக்குப் போன பிறகுதான் பெட்டியை மூடினார்கள். சாவு வீட்டில் ‘போயிட்டு வா’, ‘வர்றேன்’ என்றெல்லாம் சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். எனக்கும் தெரியும். மூடி இறங்குவதற்கு முன் குனிந்து, ஸ்டெல்லாவுக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்: “போயிட்டு வா, தாஸு.”