டெண்டருக்கு முன்பே எழுதிய கூலி

அரிமளத்துத் திலகவதி இருபத்திரண்டு வருஷமாகச் சித்தாள். செங்கல்லும் ஜல்லியும் சுமந்துதான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார். ஊர்க் கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். ஒரு பெண் செயலாளரா என்று கொத்தனார்கள் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் மனு எழுதவும் அலுவலகத்துக்கு அலையவும் வேறு யாரும் முன்வரவில்லை.

போன வருஷம் அரசுப் பள்ளிக்கு ஆறு வகுப்பறைகள் கட்ட டெண்டர் அறிவித்தார்கள். சின்ன ஒப்பந்தக்காரரான முகமது ரபீக் ஆள் கேட்டு வந்தார்.

“ஆள் தாரோம் பாய். ஆனா நீங்க டெண்டர் போடுறதுக்கு முன்னாடியே எழுதிக்கிருவோம்,” என்றார் திலகவதி. “நாள் கூலி அம்பது ரூவா கூட. வேலை முடியுற வரைக்கும் அதுக்கு மேல கேக்க மாட்டோம். ஒருத்தரும் பாதியில போக மாட்டோம்.”

“கூலிய ஏத்திட்டு நான் எப்படிக்கா தொகையக் கொறச்சுப் போடுறது? டெண்டர் கைவிட்டுப் போயிரும்.”

“போன தடவை அஞ்சு மாச வேலைய எத்தனை மாசத்துல முடிச்சீங்க?”

ரபீக்குக்கு அது நன்றாக நினைவிருந்தது. பதினொரு மாதம் ஆகியிருந்தது. ஆட்கள் இரண்டு முறை வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வெளியூர் ஆள் பிடிக்கக் கமிஷன், சும்மா கிடந்த சென்ட்ரிங் பலகைக்கு வாடகை, தாமதத்துக்கு அபராதம். அந்தப் பயத்தில்தான் ஒப்பந்தக்காரர்கள் எல்லோருமே ஒரு தொகையைக் கூடச் சேர்த்து டெண்டர் போட்டார்கள்.

“அந்தப் பயத்துக்குப் போடுற காச எடுத்துருங்க. எங்களுக்குக் குடுத்தது போகவும் மிச்சம் இருக்கும்.”

இரண்டு நாள் யோசித்துவிட்டு ரபீக் ஸ்டாம்ப் பேப்பரோடு வந்தார். இருபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். டெண்டர் திறந்தபோது போட்டியிட்ட நான்கு பேரில் அவருடைய தொகைதான் குறைவு. அடுத்தவருக்கும் அவருக்கும் ஒன்பதாயிரம் ரூபாய்தான் வித்தியாசம்.

கூரைக்குக் கான்கிரீட் போட மூன்று நாள் இருக்கையில், வேறொரு வேலைக்கு ஆள் திரட்ட வந்த மேஸ்திரி நாளுக்கு இருநூறு ரூபாய் கூடத் தருவதாகச் சொன்னார். கொத்தனார் மலையாண்டி தடுமாறினார்.

“ஒரு வாரந்தானே அக்கா. போயிட்டு ஓடியாந்துர்றோம்.”

“நான் ஒன்னப் பிடிச்சு வைக்க முடியாது. ஆனா நீ போயிட்டா, அடுத்த டெண்டருக்கு நம்ம பேச்ச யாரு நம்புவா?”

சொல்லிவிட்டாரே தவிர, எத்தனை பேர் நிற்பார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு இருபத்தாறு பேரும் வந்து நின்றார்கள். கலவை மெஷினை முதலில் ஓட விட்டவர் மலையாண்டிதான். பொழுது சாய்வதற்குள் கூரை முடிந்தது. கெடுவுக்குப் பதினெட்டு நாள் முன்பே பள்ளிக் கட்டடமும் முடிந்தது. ரபீக்குக்கு அபராதமும் இல்லை, வீண் வாடகையும் இல்லை.

இந்த வருஷம் சுகாதார நிலையம் கட்ட டெண்டர் வந்ததும் மூன்று ஒப்பந்தக்காரர்கள் திலகவதியைத் தேடி வந்தார்கள். ரபீக் அவரைத் தனியே கூப்பிட்டார்.

“எனக்கு மட்டும் கொஞ்சம் பாத்துச் செய்யக்கூடாதாக்கா?”

“யாரு டெண்டர் எடுத்தாலும் நாங்க வருவோம் பாய். கூலி மூணு பேருக்கும் ஒண்ணுதான். அதுல கை வைக்காம, மத்ததுல போட்டி போடுங்க.”

இந்த முறை கூலி இன்னும் முப்பது ரூபாய் கூடியிருந்தது. மூவரும் ஒத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் சங்கத்தில் சேரப் பதினொரு பேர் புதிதாக வந்தார்கள். அதில் எட்டுப் பேர் சித்தாள் பெண்கள்.