குளிரில் தெரியாத தாகம்

மூன்று நாள் மலைச் சைக்கிள் பந்தயத்தின் இரண்டாம் நாள். இருவர் சேர்ந்து ஓட்டும் அணி. ஒருத்தி விலகினால் மற்றவளுக்கும் பந்தயம் முடிந்தது. பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே, தேயிலைச் சரிவில் காத்திருக்கிறேன். என் மகள் கவிதாவின் முதுகில் கைவைத்துத் தள்ளியபடி அவள் கூட்டாளி மெய்லிங் வருகிறாள். இறங்கியதும் கவிதா சரிந்து விழுகிறாள். அவளுடைய தண்ணீர்ப் புட்டிகள் இரண்டும் நிரம்பியே இருக்கின்றன.

கொழுந்து வெட்டும் கத்தரியைப் போட்டுவிட்டு ஓடிவந்த பெண் கவிதாவின் உதட்டை நனைக்கிறாள்.

"குளிர்ல தாகம் தெரியாதுலா, அண்ணே. நாங்க ஒம்பது மணியானா தாகம் இல்லாட்டியும் குடிச்சிருவோம். இந்தப் புள்ளைக்கு யாரும் சொல்லலியா?"

கீழே சமவெளியில், கிள்ளான் வெயிலில் பயிற்சி எடுத்தபோது, தாகம் எடுத்தால் குடி என்று அவளிடம் சொன்னவன் நான்தான்.

கவிதா கண் திறக்கிறாள். "அப்பா, ரேஸ் எப்ப தொடங்கும்?"

மெய்லிங் தன் சைக்கிளின் பந்தய எண் அட்டையைக் கழற்றுகிறாள்.