கமலநாதன் ரயிலுக்கு வாணி எடுத்த அளவு

லங்காவிக்குப் போகிறவர்கள் உண்டு, கேமரன் மலைக்குப் போகிறவர்கள் உண்டு. கிள்ளானில் இருந்துகொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நாலு நாள் சுற்றுலா போன குடும்பம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அது வாணியின் குடும்பம். குடும்பம் என்றால் அவளும் அவள் புருஷன் கமலநாதனும்தான். மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள். கொம்யூட்டர் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் இடத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள் வாணி.

கமலநாதன் இருபத்தாறு வருஷம் ரயில் ஓட்டியவர். தீபாவளி அன்றைக்கும் டியூட்டி, மகள் பிறந்த அன்றைக்கும் டியூட்டி. “அந்த ரயிலையே கட்டியிருக்கலாம்ல, என்னை எதுக்குக் கட்டினீங்க?” என்று வாணி எத்தனை தடவை கத்தியிருப்பாளோ, கணக்கே கிடையாது. போன மாதக் கண் பரிசோதனையில் அவருடைய வலது கண் தேறவில்லை. இனிப்பு நீர் வியாதி செய்த வேலை. நடக்கலாம், டிவி பார்க்கலாம், ரயில் மட்டும் ஓட்டக் கூடாது. திங்கட்கிழமையிலிருந்து டெப்போ ஆபீசில் கால அட்டவணை போடும் வேலை என்று மேலதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். இவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ராஜினாமா கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“மத்தவன் ஓட்டுறதை நான் உட்கார்ந்து பார்க்கணுமா? திங்கக்கிழமை குடுத்துட்டு வந்துடறேன்” என்றார்.

சம்பளம் போனால் போகிறது, வாணிக்குத் தையல் இருக்கிறது. ஆனால் ஐம்பத்தைந்து வயதில் இந்த மனுஷன் ஒரு தடவை சோபாவில் சாய்ந்துவிட்டால் பிறகு யார் வந்தாலும் எழுப்ப முடியாது. திங்கட்கிழமைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். இத்தனை வருஷம் எந்த ரயிலைச் சபித்தாளோ, அதையே மருந்தாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவு கட்டினாள். தண்டவாளத்தைப் பார்த்த மாதிரி ஜன்னல் வேண்டுமென்று கேட்டு, பெரிய ஸ்டேஷனை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸில் ரூம் போட்டாள்.

இன்னொரு யோசனையும் இருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய பிஸ்கட் டின். அதற்குள் அவர் எப்போதோ ஆசையாக வாங்கிய பொம்மை ரயில், தண்டவாளத்தோடு. லீவு கிடைத்தால் சாப்பாட்டு மேசையில் விரித்து ஓடவிடுவார். ஒரு வருஷமாக எடுப்பதில்லை, மோட்டார் எரிந்துவிட்டதாம். புது எஞ்சின் ஒன்று வாங்கிக் கொடுத்தால்? அவர் குளிக்கப் போன நேரத்தில் டின்னைத் திறந்தாள், இன்ச் டேப்பை வைத்தாள், ரவிக்கை அளவு எழுதும் நோட்டில் தனிப் பக்கம் போட்டு ‘கமலநாதன் ரயில், அகலம் அரை இன்ச்’ என்று எழுதிக்கொண்டாள். ஒரு துண்டுத் தண்டவாளத்தையே கைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். தையல்காரி ஆளையா தூக்கிக்கொண்டு போவாள்? அளவைத்தான் எடுத்துப் போவாள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரூமுக்குள் நுழைந்ததும் கமலநாதன் செய்த முதல் காரியம் ஜன்னல் திரையை இழுத்து மூடியது. மறுநாள் பழைய ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாள். தூணையும் வளைவையும் வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து தேசிய அருங்காட்சியகம். வெளியே பழைய நீராவி எஞ்சின் ஒன்று நின்றது.

“பாருங்களேன், எவ்ளோ பெருசு! இதை எப்படிங்க ஓட்டுனாங்க?”

“ஓட்டுனவரைக்கும் ஓட்டிட்டு, கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டாங்க. பார்த்தாச்சுல்ல? வா, போலாம்.”

வாணிக்கு ஏன்தான் கூட்டி வந்தோமோ என்று ஆகிவிட்டது. ரூமுக்குத் திரும்பியதும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, “மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு வரைக்கும் போய் லைனிங் துணி எடுத்துட்டு வரேங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். போனது என்னவோ சுபாங் ஜெயாவுக்கு.

அங்கே ஒரு மாலில் பொம்மைக் கடை. கார் இருந்தது, ரோபோ இருந்தது, சண்டை விமானம்கூட இருந்தது, ரயில் இல்லை. ஆனால் கல்லாவில் இருந்த மலாய்ப் பெண், வாணி முகத்தில் எதைக் கண்டாளோ, “நில்லுங்க ஆன்டி” என்று மலாயில் சொல்லி நாலு இடத்துக்குப் போன் போட்டாள். கடைசியில் ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தாள். சாலாக் செலாத்தானில் ஒரு கடைவீட்டு மாடி. வாணி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் பெண் வெட்கத்தில் சிரித்துவிட்டாள். முன்பின் தெரியாதவள், நன்றாக இருக்க வேண்டும்.

சாலாக் செலாத்தான் மாடியில் மிஸ்டர் லிம் என்று ஒரு சீனர். மூன்று பக்கச் சுவரிலும் ரயில். அம்மாடி, இத்தனை பைத்தியம் இருக்கிறதா இந்த ஊரில் என்று வாணி வாய் பிளந்து நின்றாள். அவர் தண்டவாளத்தின் அகலத்தைக் கேட்டார். இவள் நோட்டைப் பிரித்து நீட்டினாள். தமிழ் அவருக்குத் தெரியாது. விரலால் காட்டி, அரை இன்ச் என்றாள்.

“பன்னிரண்டு மில்லிமீட்டரா? உங்க வீட்டுக்காரர் விஷயம் தெரிஞ்சவர்லா” என்று மலாயில் பாராட்டினார். “நம்ம நாட்டு ரயிலுக்கு இதுதான் சரியான அகலம்.” பிறகு ஒரு நீல நிற டீசல் எஞ்சினைப் பெட்டியோடு எடுத்து வைத்தார். விலையைக் கேட்டதும் அவளுக்குப் பக்கென்றது. விஷயத்தைச் சொன்னாள், கண் போனது, கடிதம், திங்கட்கிழமை, எல்லாவற்றையும். அவர் விலையைக் குறைத்தார். “பொருந்தலைன்னா கொண்டு வாங்க, மாத்தித் தரேன்” என்றும் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் கிள்ளான் வீட்டுக்கு வந்ததும், பையைக்கூடப் பிரிக்காமல், மேசையில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டினாள். நடுவில் நீல எஞ்சினை வைத்துவிட்டு, “என்னங்க, இங்க வாங்களேன்” என்று கூப்பிட்டாள்.

கமலநாதன் வந்தார், பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. எஞ்சினை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார். உட்காரவில்லை. ஒரு பக்கத்துச் சக்கரம் உள்ளே இருந்தால் மறுபக்கத்துச் சக்கரம் வெளியே நின்றது.

வாணி டேப்பை எடுத்து மறுபடி அளந்தாள். அரை இன்ச்சுக்கு ஒரு நூல் குறைவு. அப்போதுதான் அவளுக்குத் தலையில் இடி விழுந்தது. ஒட்ட அளந்து அவளுக்குப் பழக்கமே இல்லை. எந்த அளவை எழுதினாலும் கை தானாகக் கொஞ்சம் கூட்டி எழுதும். தீபாவளிக்குள் சதை போட்டுவிடும் பெண்களுக்கு அதுதான் பாதுகாப்பு. இருபது வருஷமாக அவள் தைத்த ஒரு ரவிக்கை திரும்பி வந்ததில்லை. ரயிலுக்கும் அப்படியே தாராளம் வைத்துவிட்டாள்!

“ஐயோ, நான் ஒரு முட்டாள்ங்க. ரயில் சதையா போடும்? நாளைக்கே கொண்டுபோய் மாத்திட்டு வந்துடறேன்.”

கமலநாதனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு. வயிறு குலுங்கும் சிரிப்பு. வாணி அதைக் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. சிரித்துக்கொண்டே எஞ்சினை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இடது கண்ணுக்கு நேரே பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“மாத்தாத வாணி.”

“சக்கரம் உட்காரலையேங்க.”

“பழைய எஞ்சின் மோட்டார் எரியலை. பொய் சொன்னேன். ரொம்பப் பொடிசுல்ல, சக்கரம் தண்டவாளத்துல உட்காருதான்னு எனக்குத் தெரியலை. தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு வருஷமா முடியலை. இது அதைவிடப் பெருசு, இதுல எனக்குத் தெரியுது. சக்கரம் தெரியுது, நம்பர்கூடத் தெரியுது.” எஞ்சினைக் கண்ணிலிருந்து இறக்கினார். “இத்தனை வருஷம் உன்னை வீட்ல தனியா விட்டுட்டு ஓடிட்டிருந்தேன். நீ லைனிங் துணின்னு சொல்லிட்டு எனக்காகக் கடை கடையா ஏறி இறங்கியிருக்க. நான் குடுத்து வச்சவன்.”

வாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மனத்துக்குள் மாலில் இருந்த பெண்ணுக்கும் மிஸ்டர் லிம்முக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

“இதுக்குத் தண்டவாளம் புதுசா போடணும்” என்றார் கமலநாதன். “நாளைக்குக் கடை திறந்திருக்குமா? ஒரு பேப்பர் குடு, எப்படி வளைச்சுப் போடறதுன்னு வரைஞ்சுடலாம். நேரம் தெரியாம ரயில் ஓடாது, அட்டவணையும் போடணும்.”

அவள் எழுந்திருப்பதற்குள் அவரே சட்டைப் பையில் கைவிட்டுக் கடிதத்தை எடுத்தார். பிரித்தார், திருப்பினார், பின்பக்கத்து வெள்ளைத் தாளில் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். வாணி இன்ச் டேப்பை அவர் பக்கம் தள்ளினாள்.

“மேசையை நீங்களே அளந்துக்குங்க. என்னை நம்பாதீங்க.”

அவர் டேப்பை அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

“நீயே அள” என்றார். “கொஞ்சம் தாராளமாவே அள.”