குடிக்கிற ஜிகினா

ஆறு வருஷம் கழித்து என் மனைவி வெளிநாட்டிலிருந்து வந்த அன்று, தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீட்டுத் தரையில் அவள் பெட்டியைத் திறந்தபோது உள்ளே எல்லாமே மின்னியது. சேலை, துவாய், சவர்க்காரக் கட்டி, சாக்லேட் பாக்கெட், பாஸ்போர்ட் அட்டை, எல்லாவற்றின் மேலும் பொன் நிறத்தில் ஒரு தூள் படிந்திருந்தது. வாசல் வரைக்கும் பனிமூட்டம் இறங்கியிருந்த சாயங்காலம் அது. பல்பு கூடப் போடவில்லை. அந்த மங்கல் வெளிச்சத்திலும் பெட்டி மினுக்மினுக்கென்றது.

துணிகளுக்கு நடுவில் கையை விட்டு விரல் அளவுக்கு ஒரு குப்பியை எடுத்தாள். மூடி கழன்றிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"டேப் போட்டு ஒட்டித்தான் வச்சேன்," என்றாள், யாரிடமும் சொல்லாத மாதிரி.

எங்கள் மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். அம்மா போனபோது அவளுக்கு நாலு வயது. இப்போது பத்து முடியப் போகிறது. அந்தக் குப்பி யாருக்காக வந்தது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். 

அதற்கு ஒரு கதை இருந்தது. மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஒருநாள் வீடியோ கால் வந்தது. லயத்துக்கு மேலே ரோட்டு வளைவில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே கல்லில் அவளை உட்கார வைத்து போனைப் பிடித்திருந்தேன். மனைவி வேலை செய்த வீட்டில் அன்று ஏதோ விருந்து. சமையலறையில் நின்று கிசுகிசுப்பாகப் பேசினாள். பிறகு போனைத் திருப்பி ஒரு கண்ணாடிக் கிளாஸைக் காட்டினாள். அதற்குள் பொன்புகை மாதிரி ஏதோ மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. அவள் கரண்டியால் ஒரு தடவை கலக்க, புகை எழுந்து மடிந்து, மறுபடி எழுந்தது. மகள் திரையில் விரலை வைத்தாள்.

"அது என்னாம்மா?"

"ஜிகினா. குடிக்கிற ஜிகினா."

வரும்போது கொண்டுவரச் சொன்னாள் மகள். மனைவி சரி என்றாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்து இன்னொன்று போட்டாள். மகள் வளர வளர போனில் பேச்சு சுருங்கியது. சாப்பிட்டேன், படிக்கிறேன், அப்பாகிட்ட குடுக்கிறேன். அவ்வளவுதான்.

பெட்டி திறந்த பிறகு பல வாரம் அந்தத் தூள் எங்களோடு குடியிருந்தது. தலையணையில் இருந்தது, சோற்றுச் சட்டி மூடியில் இருந்தது, வாசலில் படுக்கும் நாயின் முதுகில் இருந்தது. நான் தேயிலை ஃபேக்டரியில் சல்லடை அறையில் வேலை செய்கிறேன். தேயிலைத் தூளைத் தரம் பிரிக்கிற இடம், முடி ஒன்று விழுந்தாலும் சும்மா விடமாட்டார்கள். ஒருநாள் காலையில், ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா என் கழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தேயிலையத்தான் ஏலத்துக்கு அனுப்புறோம், நகைய இல்ல. போய்க் குளிச்சிட்டு வா," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். மலையிலிருந்து குழாய் வழி விழும் பீலித் தண்ணீரில் நின்று தேய்த்துக் குளித்தேன். குளிரில் பல் அடித்துக்கொண்டது. ஆனாலும் என்னவோ சந்தோஷமாக இருந்தது.

வீட்டில்தான் சந்தோஷம் ஒட்டவில்லை. மகள் தன் அம்மாவை 'நீங்க' என்று கூப்பிட்டாள். என்னை 'நீ' என்பவள், ஸ்கூல் டீச்சரிடம் பேசுவதுபோல அவளிடம் பேசினாள். குறை சொல்ல முடியாத மரியாதை. மனைவியும் அந்த ஆறு வருஷத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்டால், "வேலதான். வேற என்னா," என்பாள். சில சமயம் பாத்திரம் கழுவும்போது கை அப்படியே நிற்க எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால், தூரத்திலிருந்து வருகிறவள்போல மெதுவாகத் திரும்புவாள்.

மகளின் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மனைவி தானாகவே கேட்டாள். "ஏங்க, பதுளையில அந்தத் தூளு கெடைக்குமா?"

கிடைக்கும் என்றேன். எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினோம். பசறை தாண்டியதும் மழை ஓய்ந்து வெயில் அடித்தது. பஸ் வளைவுக்கு வளைவு சாய, கீழே பள்ளத்தாக்கில் வெள்ளை மூட்டம் பால் மாதிரி நிரம்பியிருந்தது. அதற்கு மேலே மலை உச்சிகள் மட்டும் தெரிந்தன. மகள் ஜன்னல் பக்கம், மனைவி நடுவில், நான் ஓரத்தில். சாய்ந்த பக்கமெல்லாம் மூவரும் சேர்ந்தே சாய்ந்தோம். அந்தப் பயணம் முடியவேண்டாம் என்று இருந்தது.

பதுளையில் முதலில் போனது ஒரு ஃபேன்சி கடை. வளையல், ரிப்பன், பிறந்தநாள் தொப்பிக்கு நடுவில் சின்னச் சின்னக் குப்பிகளில் ஜிகினா வரிசையாக இருந்தது. மகள் கண் விரிந்ததைப் பார்த்தேன். கடைக்காரர் ஊதா நிறக் குப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்து, எல்லோரும் கேக்குக்கு இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். நான் பையில் கை வைத்துவிட்டேன்.

மனைவி குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்து ஆங்கில எழுத்துகளை விரல் வைத்து வாசித்தாள். அவள் ஆங்கிலம் வாசிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். நச்சில்லாதது என்று போட்டிருக்கிறதே தவிர சாப்பிடலாம் என்று எங்கேயும் இல்லை, என்னென்ன சேர்த்தது என்ற விபரமும் இல்லை என்றாள். இது அட்டையில் ஒட்டுகிற சாமான், பிளாஸ்டிக் துண்டு. கடைக்காரர் அதனால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தார்.

"இது வயித்துக்குப் போறது இல்லீங்க," என்று சொல்லி, குப்பியை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

மகள் முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் மனைவி நிற்காமல் நடந்தாள். கேட்டுக் கேட்டு, கேக் சாமான் மட்டும் விற்கிற ஒரு மாடிக் கடையைக் கண்டுபிடித்தாள். குறுகலான படி. மேலே வெனிலா வாசம் அடித்தது. முக்காடு போட்ட ஒரு நடுத்தர வயது அம்மா தனியாக இருந்தார்.

மனைவி கேட்ட கேள்விகளில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கேக்கின் மேலே தூவுவது வேறு, குடிக்கிறதில் கரைப்பது வேறுதானே என்று கேட்டாள். குடிக்கிறதுக்கு மாவு மாதிரி நைஸாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றாள். அவர் கண்ணாடி அலமாரியைத் திறந்து மூன்று குப்பிகளை எடுத்து வைத்தார். மனைவி ஒவ்வொன்றிலும் எழுதியிருந்ததை வாசித்தாள், தேதியையும் பார்த்தாள்.

"எங்க பழகினீங்க இதெல்லாம்?" என்று அந்த அம்மா கேட்டார்.

எங்களிடம் ஆறு வருஷத்தைச் சொல்லாதவள், முன்பின் தெரியாத அந்த மனுஷியிடம் சொன்னாள். விருந்தென்றால் நாற்பது கிளாஸ் வரும். ஒவ்வொன்றிலும் அளவாகத் தூள் போட்டு, கலக்கி, சுழல் நிற்பதற்குள் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். நின்றுவிட்டால் திரும்பக் கொண்டுவந்து கலக்க வேண்டும். திறந்த கதவு வழியாக விருந்தாளிகள் கிளாஸைத் தூக்கிப் பார்ப்பது தெரியும். எல்லோர் முகத்திலும் அந்த வெளிச்சம் ஆடும்.

"நல்லா இருக்குமா, குடிச்சா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"தெரியலீங்க. நான் குடிச்சதில்ல."

வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னாள். பிறகு பொன் நிறக் குப்பியைத் தள்ளி, இது போதும் என்றாள். அந்த அம்மா அதைத் தாளில் சுற்றி, மறுபடியும் ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தார்.

படி இறங்கும்போது பாதியில் மகள் நின்றுவிட்டாள். பின்னால் வந்த தன் அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரு தடவகூட நீ குடிக்கலியா?"

'நீ' என்றாள். அவளுக்கே தெரியாமல் வந்த சொல் அது. மனைவி இல்லை என்று தலையாட்டினாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். நான் கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள். பசறை பேக்கரியில் வாங்கிய பட்டர் கேக்கின் மேல் மகளே சிட்டிகை சிட்டிகையாகத் தூவினாள். குடிக்கிறதுக்கு என்ன செய்வது என்பதில்தான் பேச்சு. ஆரஞ்சு பார்லி சோடாவில் போட்டால் தெரியாது, தெளிவாக இருக்க வேண்டும் என்றாள் மனைவி. பால் சேர்க்காத சாயத்தண்ணி போடலாம் என்று நான் சொன்னேன். கடும் சாயம் ஆறினால் கலங்கிப்போகும், அது எனக்குத் தொழில். அதனால் லேசாக ஊறவைத்து வடித்து, சீனி கலந்து, தேசிக்காய் பிழிந்தேன். சாயம் வெளுத்துத் தேன் நிறத்துக்கு வந்தது. கேத்தலைப் பீலியில் வைத்து ஆறவிட்டோம்.

பக்கத்து வீடுகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மனைவி முதல் கிளாஸில் தூளைப் போட்டுக் கலக்கினாள். அந்தச் சின்ன அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தேன் நிறத்துக்குள் பொன்மேகம் ஒன்று எழுந்து திரும்பியது. பழக்கத்தில் அதை அவள் மற்றவர்களுக்கு நீட்டப் போக, மகள் கையைப் பிடித்து நிறுத்தி, அம்மாவின் வாய்க்கே கொண்டுபோனாள்.

குடித்தாள். நாங்கள் காத்திருந்தோம்.

"டீ மாதிரிதான் இருக்கு," என்றாள். ஒரு நிமிஷம் கழித்து அவளே சிரித்தாள். வந்ததிலிருந்து அப்படி அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. உதட்டோரத்தில் பொன் ஒட்டியிருந்தது.

எல்லோரும் குடித்துவிட்டுப் போன பிறகும் மகள் அவளை விடவில்லை. அந்த வீட்டில் எத்தனை அறை, கடல் தெரியுமா, நாய் இருந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மனைவி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு மகள் அங்கே பேசுகிற அரபிப் பாஷையில் ஒவ்வொன்றுக்கும் சொல் கேட்க ஆரம்பித்தாள். தண்ணீருக்கு, கதவுக்கு, நட்சத்திரத்துக்கு. மழைக்கு என்ன என்று கேட்டபோது மனைவிக்கு உடனே வரவில்லை. அங்கே எப்போதாவதுதான் பெய்யும், சொல்லவேண்டி வந்ததே இல்லை என்றாள். கண்ணை மூடி யோசித்தாள். கூரைத் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"மதர்," என்றாள் கடைசியில். மகள் வாசலில் போய் நின்று, மலையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள்.