ராத்தாவின் கொடுவாத் தொட்டி

எங்கள் வாப்பா பாலமுனையிலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். மீன் கடலில் கிடக்கும், வலையில் வரும், சட்டியில் முடியும். எங்கள் வீட்டில் அவ்வளவுதான் அதைப் பற்றிய அறிவு. அதைத் தொட்டியில் போட்டு, தீனி கொடுத்து, அளந்து பார்த்து வளர்க்கப் போவதாக என் அக்கா, எங்கள் ராத்தா, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சொன்னபோது வாப்பா சிரித்துவிட்டார்.

“இவ்வளவு பெரிய கடல் முன்னுக்குக் கிடக்கு. இவ தொட்டிக்குள்ள மீன் வளக்கப் போறாவாம்,” என்று உம்மாவிடம் சொன்னார்.

பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிய படிப்பைக் கையால் செய்து பழக்கும் திட்டம் ஒன்று அந்த வருடம் ஊருக்கு வந்திருந்தது. பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் பெரிய தொட்டி கட்டி, காற்று மோட்டார் பூட்டி, விரல் நீளமான கொடுவாக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். திட்டத்தின் அதிகாரி எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஒரு வாக்குக் கொடுத்தார். தொட்டியை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு பிள்ளையை, தெற்கே குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றுக்கு அனுப்பி, அங்கே தங்கவைத்துப் படிப்பிப்பார்களாம். ராத்தா அப்போது பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சில்லை.

நான் நாலாம் வகுப்பு. எங்கே போனாலும் அவள் பின்னால்தான் போவேன். உப்பு அளக்கும் சின்னக் குழாயின் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உப்பு எவ்வளவு என்று அவள் பார்ப்பாள். எனக்கும் காட்டுவாள். எனக்கு நீலம் மட்டும்தான் தெரியும். கொடுவா பொல்லாத மீன். தன்னைவிடச் சின்னதாக இருந்தால் கூடப்பிறந்ததையும் விழுங்கிவிடும். அதனால் பெரியதையும் சின்னதையும் அடிக்கடி பிரித்து, நடுவே வலை கட்டிய தொட்டியில் வேறு வேறு பக்கம் விடவேண்டும். மற்றப் பிள்ளைகள் முதுகு முள்ளுக்குப் பயந்து கையை இழுத்துக்கொள்வார்கள். ராத்தா ஈரக் கையால் பக்குவமாக அள்ளிவிடுவாள்.

வாப்பாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கரைக்கு வந்ததும் வலையில் மிஞ்சிய சூடை மீனை ஒரு பையில் போட்டு, “இந்தா, உன்ட புள்ளையளுக்கு,” என்று ராத்தாவிடம் நீட்டத் தொடங்கினார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில். மோட்டார் நின்றுவிட்டால் தண்ணீரில் காற்று இருக்காது, மீன்கள் மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்று ராத்தா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அவள் வாளியால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினாள். நான் ஒரு கிண்ணத்தால் ஊற்றினேன். கை மரத்துப்போயிற்று. அவள் நிறுத்தவில்லை. ஜும்ஆ முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் எங்களைத் தேடி வந்த வாப்பா சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் கையிலிருந்த வாளியை வாங்கினார். கரண்ட் வரும்வரை அவர்தான் ஊற்றினார். இரண்டு குஞ்சுகள் மட்டும் செத்தன.

அடுத்த வாரமே வாப்பா கல்முனை பஸாருக்குப் போய் ராத்தாவுக்கு ஒரு பயணப் பை வாங்கி வந்தார். உம்மாவுக்குத் திகைப்பு. “அவ்வளவு தூரம் பொம்புளப் புள்ளைய விடப்போறீங்களா?”

“நான் கடலுக்குப் போறன், ஒரு நாளாவது நீ மறிச்சிருக்கியா? இவவும் போகட்டும்.”

திட்டத்தின் முடிவு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். பெரிய ஆட்கள் வந்தார்கள். மீன்களோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ரிபன் வெட்டும் கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தி நிற்கும் வேலை ராத்தாவுக்குக் கிடைத்தது. கடைசியில் அதிகாரி ஒலிவாங்கியில் ஒரு பெயரை வாசித்தார். அது தொட்டிப் பக்கம் எப்போதாவது வந்துபோகும் ஒரு பையனின் பெயர். சில திறமையான மாணவிகளுக்குக் குடும்பத்தில் அனுமதி இல்லை, அந்தக் கலாசாரத்தை நாங்கள் மதிக்கிறோம் என்றும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ராத்தா தட்டோடு நின்றபடியே பெற்றோர் வரிசையில் இருந்த வாப்பாவைத் தேடிப் பார்த்தாள். வாப்பாவும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வாப்பா என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி மரியாதையான மனிதர். எங்களை இருக்கச் சொன்னார், பிளேன்டீ வரவழைத்தார்.

“என்ட மகள விடமாட்டனெண்டு நான் ஆருக்கும் சொல்லல்லயே சேர்,” என்றார் வாப்பா.

“நீங்க கோவிக்க வேணாம். உங்கட ஆக்கள் பொம்புளப் பிள்ளைகள வெளியில தங்க விடமாட்டாங்கதானே. கேட்டு உங்கள ஏன் சங்கடப்படுத்துவான் எண்டு நினைச்சம்.”

“கேட்டிருக்கலாமே சேர்.”

“பெயர் அனுப்பியாச்சி. இனி மாத்த ஏலாது.”

அவர் எங்களுக்கு நல்லது செய்த முகத்தோடுதான் சிரித்தார். வாப்பா பிளேன்டீயைக் குடிக்கவில்லை. எழுந்து, “சரி சேர்,” என்றார்.

வீட்டில் ராத்தா வாசலிலேயே நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“வாப்பா, நீங்கதான் என்ன விடேலாதெண்டு சொன்னீங்களா?”

நான் வாயைத் திறந்தேன். வாப்பாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

“ஓம் மகள். நான்தான் சொன்னன்.”

“அப்ப ஏன் பேக் வாங்கித் தந்தீங்க?”

“மறுகா யோசிச்சன். தூர இடம்.”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு வெகுகாலம் வாப்பாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு வந்தும், உயர்தர வகுப்புக்கு வர்த்தகப் பிரிவை எடுத்தாள். இன்று ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகுதான் உம்மா அவளிடம் உண்மையைச் சொன்னார். ராத்தா எழுந்துபோய் அந்தப் பயணப் பையைத் தேடி எடுத்தாள்.

உண்மை தெரிந்து அந்த அதிகாரியின் பேரில் அவள் கோபப்பட்டிருந்தால், தன்னைக் காணும் முன்பே தான் யார் என்று தீர்மானித்துவிட்ட ஆட்கள் வெளியே இருக்கிறார்கள் என்பதையும் அவள் அறிய வேண்டியிருந்திருக்கும். அது அவளுக்குத் தெரியவேண்டாம் என்று வாப்பா அவளுடைய கோபத்துக்குத் தன்னைக் கொடுத்தார் என்று இப்போது நினைக்கிறேன். அதனால் பலன் ஏதும் வந்ததா என்றால், இல்லை.

அலுவலகத்துக்குப் போய்வந்த அன்றிரவு சோற்றுக்கு ராத்தா வரவில்லை. வாப்பா தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் பொய் சொல்லிவிட்டாரே என்ற பயத்தோடு. அதுவரை எனக்குத் தெரிந்த பொய்களெல்லாம் அடியிலிருந்து தப்புவதற்காக நான் சொன்னவை. அடியை வாங்கிக்கொள்வதற்கும் ஒருவர் பொய் சொல்வார் என்று எனக்கு அப்போது தெரியாது.