கப்பல்காரர் குளித்த செவ்வாய்க்கிழமை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் கூடினால் மூலையில் நிற்கிற ஆள், இப்படி எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுவேன். இதை நம்பச் சொல்லியும் கேட்கமாட்டேன். ஆனால் நடந்தது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. லண்டனில் மோர்டன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குப் பகல் ஷிப்ட். குளிக்கவைப்பது, சவரம் செய்வது, சாப்பாடு ஊட்டுவது. அங்கே ஒரு ஜெர்மன்காரர் இருந்தார், இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலின் தளபதி. இருபத்தாறு வயதிலேயே கப்பலைக் கையில் கொடுத்துவிட்டார்களாம். முதலில் அத்திலாந்திக், பிறகு ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்து சமுத்திரம், கடைசியில் பிடிபட்டு இங்கே கைதி, பண்ணை வேலை, அந்த ஊரிலேயே ஒரு பெண்ணைக் கட்டி இருந்துவிட்டார். எல்லாம் அவருடைய மகள் சொன்னது. கட்டிலுக்கு மேலே ஒரு படம், தொப்பியும் தாடியுமாகச் சிரிக்கிற பொடியன். மற்றக் கிழவர்கள் அவரோடு ஒரே மேசையில் இருக்கமாட்டார்கள், அதில் ஒருவருடைய அண்ணன் அந்தச் சண்டையில் கடலில் செத்துப்போனவர். இவர் கோபிக்கமாட்டார், தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம், ஒரு சொல் பேச ஏலாது. எனக்கு அவரைப் பிடிக்கும். பேசாத ஆளிடம் கூச்சம் வராது.

இனி என் வீட்டு விஷயம் ஒன்றும் சொல்லவேண்டும். அப்பா பாய்க்கப்பலில் வேலைக்குப் போனவர். அதே சண்டைக் காலத்தில், நான் கைக்குழந்தையாக இருந்தபோது, கொச்சியில் ஓடு ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்ட அந்தக் கப்பலில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கொச்சியில் போட்ட கடிதத்தில் தம்பிக்கு, அதாவது எனக்கு, வெள்ளி அரைஞாண் வாங்கியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அதுதான் கடைசி. சடலமும் இல்லை, கண்டவரும் இல்லை என்று அம்மா கிரியை செய்யவிடவில்லை. நாற்பத்தெட்டு வருடம் பொட்டோடும் தாலியோடும் இருந்தார், லண்டனுக்கும் அப்படியே வந்தார். ஆடி அமாவாசைக்கு எல்லாரும் செத்த தகப்பனுக்கு விரதம் இருக்க, நான் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவேன். "கண்டவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் உன்ர கொப்பர் உயிரோடதான்" என்பார் அம்மா. அப்பாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமலே நானும் போய்விடுவேனோ என்ற பயம் எனக்கு உள்ளே இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். என்னோடு வேலை செய்த செல்வி வாய்க்காரி. "அண்ணை, உங்கட கப்பலைத் தண்ணியில இறக்குற நாளெல்லே இண்டைக்கு?" என்று பகிடிவிட்டாள்.

"சும்மா இரு பிள்ளை" என்றுவிட்டு அவரைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

குழாய்த் தண்ணீர்தான், நான்தான் திறந்துவிட்டேன், முழங்கையால் சூடு பார்த்தேன். அவரைத் தொட்டியில் இருத்தி முதுகில் ஊற்றும்போது ஒரு துளி என் உதட்டில் தெறித்தது. உப்பு. விரலை நனைத்து மறுபடியும் பார்த்தேன். சாதாரண உப்பு இல்லை, கடல்.

அப்போது அவர் பேசினார். நிதானமான இங்கிலீஷ்.

"ஓடு ஏற்றிய பாய்க்கப்பல். ஐந்து நிமிடம் கொடுத்தேன். எல்லாரும் சின்னத் தோணியில் இறங்கிவிட்டார்கள். ஒருவன் மட்டும் திரும்பி உள்ளே ஓடினான். நான் மணிக்கூட்டைத்தான் பார்த்தேன், அவனைப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் முடிந்தது, சுடச் சொன்னேன். அவன் மேலே வந்தான். கையில் ஏதோ வெள்ளையாக மின்னியது."

பிறகு முகத்தை உயர்த்திக் கூப்பிட்டார்.

"கந்தையா அண்ணை! அதை விட்டிட்டு வாங்கோ!"

தமிழில். தோணியிலிருந்து எங்கள் ஊர்க் கரை ஆட்கள் கூப்பிடுகிற அதே இழுவையில். என் அப்பாவின் பெயர் கந்தையா.

என் மணிக்கட்டைப் பிடித்தார். "தோணிக்குத் தண்ணீர் கொடுத்தேன். கரை எந்தப் பக்கம் என்று காட்டினேன். அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா?"

ஒருவரும் சேரவில்லை. அது என்னைவிட யாருக்குத் தெரியும்? திரும்பி உள்ளே ஓடினவன் என் அப்பா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவர் தண்ணீருக்குள் விலா எலும்பு தெரிய நடுங்கிக்கொண்டு என் வாயையே பார்த்தபடி இருந்தார்.

"சேர்ந்தார்கள்" என்றேன். "எல்லாரும் சேர்ந்தார்கள்."

கையை விட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

கதவைத் திறந்தேன், வெளியே செல்வி துவாய்களோடு நின்றாள். பகிடி இல்லை, முகம் வெளுத்திருந்தது. "ஆர் அண்ணை உள்ளுக்கு? கந்தையா அண்ணை எண்டு ஆரோ கூப்பிட்டது?" என்றாள். ஒரு துவாயை வாங்கிக்கொண்டு அவரைத் துடைக்க உள்ளே திரும்பினேன்.

அம்மாவிடம் மூச்சுவிடுவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவெடுத்தேன். இந்த வயதில் அந்தப் பொட்டை அழிக்க நான் யார்? கதவைத் திறந்த அம்மா அப்படியே நின்றார்.

"ஏன் தம்பி உன்னில கடல் மணக்குது?"

"ஒண்டுமில்லை அம்மா. வேலையில தண்ணி பட்டது."

என் சட்டைக் கையைப் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். நான் ஒன்றுமே சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை.

"கண்டவன் என்ன சொன்னவன்?" என்று கேட்டார்.

"அரைஞாணை எடுக்கப் போனவராம்" என்றேன். வேறொன்றும் வரவில்லை.

அம்மா குளியலறைக்குப் போய்க் கனநேரம் முகம் கழுவினார். வரும்போது நெற்றியில் பொட்டு இல்லை.

அந்தச் சட்டைக் கையில் உப்பு ஒரு வெள்ளைக் கோடாகக் காய்ந்தது. எத்தனையோ தரம் தோய்த்துவிட்டேன். காய்ந்ததும் கோடு திரும்ப வருகிறது.

மறுநாள் புதன்கிழமை லீவு எடுத்துக்கொண்டு ஐயரிடம் போய்க் கிரியைக்கு நாள் கேட்டேன்.