யோகன் செய்த காருக்கு நம்பர் எடுத்தது

பலெர்மோவில், கபோ சந்தைக்குப் பின்தெருவில், வாகனக் கடதாசி வேலைகள் செய்து கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். முதல் நாலு வருடம் அந்த அலுவலகத்தைக் கூட்டித் துடைத்தேன். மிச்சக் காலம் முழுவதும் மேசையில் இருந்தேன். விளக்குமாற்றிலிருந்து மேசைக்கு எப்படி வந்தேன் என்று கேட்டால், என் வாய்தான் காரணம் என்று முதலாளி சொல்லுவார். அது உண்மைதான். வரிசையில் நின்ற தமிழ்ச் சனத்துக்கு, எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து வைப்பது என்று விளக்குமாற்றோடு நின்றே சொல்லிக்கொடுத்தவள் நான்.

என் கையால் போன பைல் ஒன்றும் திரும்பி வந்ததில்லை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. இப்போது ஓய்வெடுத்துவிட்டேன். என் மேசையில் இருக்கும் பிள்ளைகள், "அன்ரி, உங்களுக்கு ஆகக் கரைச்சல் குடுத்த பைல் எது?" என்று கேட்கிறார்கள். யோகனின் கார்தான். அதில் பிழை விட்டதும் நான்தான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1. வாங்கேல்லை, செய்தனான்

யோகனுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். முல்லைத்தீவு ஆள். யுத்தம் முடிந்தபின் வந்தவர். நகரத்துக்கு வெளியே இரும்புக் கேற்றும் யன்னல் கம்பியும் செய்யும் பட்டறையில் வெல்டிங் வேலை. ஒரு திங்கட்கிழமை வந்து கதிரையின் விளிம்பில் இருந்தார்.

"ரஞ்சி அக்கா, ஒரு காருக்கு நம்பர் எடுக்க வேணும்."

"ஆரிட்டை வாங்கினது? பழைய கடதாசி கிடக்கோ?"

"வாங்கேல்லை. செய்தனான்."

"என்னத்தைச் செய்தனீர்?"

"காரைத்தான்."

பக்கத்து மேசையிலிருந்த முதலாளிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். (இத்தாலியர் சொன்னதையெல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன்.) "ரஞ்சி, இது வேண்டாம். நாற்பது வருடத்தில் இரண்டு பேர் இப்படி வந்தார்கள். இரண்டு பேரும் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள்" என்றார். வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் கை துறுதுறுக்கும். பைல் மட்டை ஒன்றை எடுத்து யோகனின் பெயரை எழுதினேன்.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கம்பனிக் காருக்கு அந்த மொடலை ஒரு தடவை அங்கீகரித்துவிட்டால் போதும், ஆயிரம் கார் அதன் பின்னால் வரும். வீட்டில் செய்த கார் உலகத்திலேயே ஒன்றுதான். அதை இங்கே 'எசெம்ப்ளாரே உனிக்கோ' என்பார்கள். அதனுடைய ஒவ்வொரு சாமானும் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். எஞ்சின் திருட்டு எஞ்சின் அல்ல என்பதற்குக் கடதாசி, சட்டகம் பாரம் தாங்கும் என்பதற்கு ஒரு பொறியியலாளரின் கணக்கு, பிறேக், லைற், புகை, சத்தம் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சோதனை. கடைசியில் அரசாங்கப் பரிசோதகர் வண்டியைப் பார்த்து ஒப்புக்கொண்டால், சட்டகத்தில் ஒரு இலக்கம் அடிப்பார்கள். அந்த இலக்கம் விழுந்தபின்தான் அது கார். அதுவரைக்கும் சட்டத்தின் கண்ணில் பழைய இரும்புதான்.

அடுத்த நாள் காரைப் பார்க்கப் போனேன். வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஒரு ஒடுக்கமான பழைய களஞ்சிய அறையை யோகன் வாடகைக்கு எடுத்துக் கராஜாக வைத்திருந்தார். உள்ளே இரண்டு பேர் இருக்கக்கூடிய, உயரம் குறைந்த ஒரு கார் நின்றது. அலுமினியத் தகட்டைக் கையாலேயே அடித்து வளைத்த உடம்பு, கரும்பச்சை நிறம். பட்டறையில் மிஞ்சிய இரும்புக் குழாய்த் துண்டுகளை அந்தப் பட்டறை முதலாளியிடம் ரசீதோடு வாங்கிச் சட்டகம் செய்திருந்தார். ஒன்பது வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த அறைக்குள் போயிருந்தன.

"உமக்கு ஏன் இந்த வேலை? நாலு காசுக்கு ஒரு பழைய பியட் வாங்கலாமே?" என்று கேட்டேன்.

"வன்னியிலை யுத்தத் தடையாலை ஒண்டும் வராத காலத்திலை நாங்கள் எத்தினை வண்டி செய்து ஓட்டினனாங்கள் அக்கா. மண்ணெண்ணெயிலை ஓடினது. ஒண்டுக்கும் நம்பர் இல்லை. ஒண்டும் மிஞ்சவுமில்லை. நம்பரோடை ஒண்டு செய்து பாக்க வேணும் எண்டு இருந்தது."

 நான் எஞ்சின் ரசீது எங்கே என்று சத்தம் போட்டேன்.

2. என் புத்தி

பைல் சேர்க்க பதினாலு மாதம் எடுத்தது. அது முடிகிற நேரத்தில் களஞ்சிய அறையின் சொந்தக்காரர் கட்டிடத்தை விற்றுவிட்டார். உல்லாசப் பயணிகள் தங்கும் அறைகள் கட்டப் போகிறார்களாம். மாதம் முடியும் நாளில் அறை காலியாக இருக்க வேண்டும்.

நம்பர் இல்லாத வண்டியைத் தெருவில் நிறுத்த முடியாது. பொலிஸ் தூக்கிக்கொண்டு போகும். வேறு அறை தேடி யோகன் அலைந்தார், வாடகையைக் கேட்டதும் திரும்பி வந்தார். பரிசோதனைத் திகதி மாதம் முடியப் பத்து நாளுக்கு முதல் கிடைத்தது. அன்றைக்கு ஒப்புக்கொண்டால் கார் தன் சில்லிலேயே ஓடி வெளியே வரும். இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரனிடம் போகும். யோகனுக்கு அந்த நாட்களில் சோறே இறங்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் என் புத்தியைக் காட்டினேன்.

ஊரில் எங்கள் வீட்டில் லொறி நின்றது. வருடா வருடம் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோவதற்கு முதல் நாள், அடிப்பக்கம் முழுவதையும் கழுவிக் கறுப்புப் பெயின்ற் அடிப்பார்கள். எல்லா லொறிக்காரரும் அப்படித்தான். சோதிக்கிற பெரிய துரை குனிந்து பார்க்கும்போது அடி பளபளவென்று இருக்க வேண்டும். அது மரியாதை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் அழுக்குச் சட்டையோடு பிள்ளையை நிறுத்துவோமா?

ஆகவே யோகனிடம் சொன்னேன். "மேலை எல்லாம் வடிவாக் கிடக்கு. அடியிலை வெறும் இரும்பாக் கிடக்கு. நல்ல கறுப்புப் பெயின்ற் ரெண்டு தரம் அடிச்சுக்கொண்டு வாரும்."

"ஓம் அக்கா, நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார். அவரும் லொறிக் கராஜில் வளர்ந்தவர்தானே.

3. ஆறு ஒட்டு

பரிசோதனை அன்று காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு காலை ஒன்பது மணிக்குப் போனோம். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். பரிசோதகர் ஒல்லியான மனிதர், ஓய்வு பெறும் வயது, அதிகம் கதைக்காதவர். பிறேக் சோதித்தார், சரி. லைற், சத்தம், புகை, நிறை எல்லாம் சரி. ஒவ்வொன்றுக்கும் பைலில் ஒரு சரி போட்டார். நான் மனதுக்குள் முதலாளிக்கு என்ன சொல்லிக் காட்டுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

காரை உயர்த்தினார்கள். அவர் அடியில் போய் நின்று நிமிர்ந்து பார்த்தார். 

"இதற்கு யார் பெயின்ற் அடிக்கச் சொன்னது?"

"நான்தான்" என்றேன், பாராட்டப் போகிறார் என்று நினைத்து.

"சின்யோரா, இந்தக் கார் கையால் வெல்டிங் செய்து ஒட்டின கார். ஒட்டின இடங்களைப் பார்க்கத்தான் நான் இங்கே நிற்கிறேன். நீங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு வந்திருக்கிறீர்கள். எதை மறைக்கிறீர்கள்?"

பைலை மூடினார். சுத்தமாகச் சுரண்டிக்கொண்டு வரும்படியும், அடுத்த திகதி நாற்பது நாளுக்குப் பிறகு என்றும் சொன்னார். அவரில் ஒரு பிழையும் இல்லை. யோகன் காரைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் பரிசோதகருக்குக் குறுக்கே போய் நின்றேன். ஊர் வழக்கத்தைச் சொன்னேன். லொறியைச் சொன்னேன். பத்து நாளில் அறை போவதைச் சொன்னேன். "பிழை என்னுடையது, தண்டனை இந்த ஆளுக்கு. இது நியாயமா?" என்று கேட்டேன். அவர் திரும்பிக் கேட்டார்.

"பெயின்ற் அடிக்க முதல் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா?"

யோகன் தலையைச் சொறிந்தார். என்னிடம் தமிழில் மெல்லச் சொன்னார். "படம் கிடக்கு அக்கா. என்ரை போன் ரெண்டு தரம் மாறிட்டுது. ஜெனிற்றாட்டைக் கிடக்கும்."

ஜெனிற்றா அவருடைய மனைவி. கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் ஒரு வீட்டில் வேலை. "அவவிட்டை ஏன் கிடக்கு?" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமையிலை நான் உண்மையாக் கராஜிலைதான் நிக்கிறனோ எண்டு அவவுக்குச் சந்தேகம். வேலை செய்த இடத்தைப் படம் எடுத்து அனுப்ப வேணும். ஒன்பது வருசமா அனுப்புறன்."

உடனே போன் எடுத்தேன். "பிள்ளை, உங்கடை மனுசன் அனுப்பின படமெல்லாம் வைச்சிருக்கிறீரோ?"

"ஏன் அக்கா, என்ன செய்துபோட்டார்?"

"ஒண்டும் செய்யேல்லை. படம் வேணும்."

"ஒண்டும் அழிக்கேல்லை. அவரிலை முழு நம்பிக்கை வந்தாப் பிறகு அழிப்பம் எண்டு இருந்தனான்."

பத்து நிமிடத்தில் என் போன் நிறைந்துவிட்டது. பரிசோதகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். வெல்டிங் ஒட்டு, ஒட்டு, மறுபடி ஒட்டு. எல்லாம் வெறும் இரும்பு, எல்லாவற்றிலும் திகதி. இடைக்கிடை பாதி கடித்த அரஞ்சீனாச் சோற்றுருண்டை, கட்டுப் போட்ட விரல், வியர்வையோடு யோகனின் முகம்.

"இந்த மனிதனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலையே இல்லையா?" என்று கேட்டார். முதல் தடவையாக அவர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு.

பிறகு வெண்கட்டி எடுத்தார். "படத்தை நம்பிக் கையெழுத்து வைக்க முடியாது. ஆறு ஒட்டை நான் தெரிவுசெய்கிறேன். ஒரு மணிவரைக்கும் இங்கே நிற்பேன். அதற்குள் வெறும் இரும்பாகக் காட்டுங்கள்." ஆகப் பாரம் வருகிற ஆறு இடத்தைப் பார்த்து அடையாளம் போட்டார். அப்போது மணி பத்தே முக்கால்.

எதிர்த் தெருக் கடையில் பெயின்ற் உரிக்கும் மருந்து வாங்கினேன். இழுவை வண்டிக்காரர் தன் பெட்டியிலிருந்து இரண்டு கம்பிப் பிரஷ் தந்தார். ஒன்றை யோகன் எடுத்தார், மற்றதை நான் எடுத்தேன். "அக்கா, சட்டை" என்றார். "சட்டை கிடக்கட்டும், நீர் தேயும்" என்றேன். தோள்மூட்டு கழன்று விழுகிற மாதிரி நொந்தது. கறுப்புத் தூள் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. இரண்டு தரம் அடிக்கச் சொன்ன வாயில்தான் கொட்டியது, சரிதான்.

பன்னிரண்டே காலுக்குப் பரிசோதகர் மூன்று ஸ்பிறே டப்பா கொண்டுவந்தார். முதலில் துடைக்கும் மருந்து. பிறகு சிவப்பு மருந்து, பத்து நிமிடம் ஊற வேண்டும். அதைத் துடைத்துவிட்டு வெள்ளை மருந்து அடித்தால், இரும்புக்குள் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும்பும். 

முதல் ஒட்டு வெள்ளை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது எல்லாம் வெள்ளை. ஆறாவதில் மூலையோரம் மெல்லிய சிவப்புக் கோடு வந்தது.

 யோகன் கிட்டப் போய்ப் பார்த்தார். பரிசோதகரிடம் நேராக, தன் உடைந்த இத்தாலியனில் சொன்னார். "என் ஒட்டு வெடிக்காது. அந்த மூலையில் பெயின்ற் மிஞ்சிச் சிவப்பைப் பிடித்திருக்கிறது. திரும்பத் தேய்க்கிறேன்." பலெர்மோவுக்கு வந்த நாளிலிருந்து அவரை எனக்குத் தெரியும். அவர் இப்படிக் குரல் உயர்த்திக் கதைத்ததை அன்றுதான் கேட்டேன்.

அந்த ஆறாவது நான் தேய்த்தது. பிரஷ் மூலைக்குள் போகவில்லை. யோகன் ஒரு சிறிய கம்பியால் சுரண்டினார், கறுப்பாக ஒரு துணுக்கு விழுந்தது. மறுபடி சிவப்பு, மறுபடி பத்து நிமிடம், மறுபடி வெள்ளை. ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆறாவதும் பால் மாதிரி நின்றது.

பரிசோதகர் அந்த ஒட்டை விரலால் தடவினார். "இதை எங்கே படித்தாய்?"

"முல்லைத்தீவில்."

"அது என்ன கல்லூரி?"

"ஊர்" என்றார் யோகன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பைலைத் திறந்தார். 'கட்டியவர்' என்ற கட்டத்தில் யோகனின் முழுப்பெயரையும் தன் கையாலேயே எழுதினார். சட்டகத்தில் இலக்கம் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் யோகன் கண்ணை மூடி மூடித் திறந்தார். நான் அழுதேன். கறுப்புத் தூளோடு அழுததால் என் முகத்தைப் பார்த்து இழுவை வண்டிக்காரர் சிரித்தார்.

4. மொண்டெல்லோவுக்கு

கடதாசி வர ஏழு நாள். நம்பர் பிளேற்றை எங்கள் அலுவலகத்திலேயே கொடுத்தோம். முதலாளி தானே எழும்பி வந்து யோகனின் கையில் கொடுத்தார்.

அறை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு பின்னேரம் கார் தன் சில்லிலேயே ஓடி வெளியே வந்தது. வேலை முடிந்து ஜெனிற்றாவை மொண்டெல்லோவில் ஏற்ற வேண்டும். "முதல் ஓட்டம் அக்காவோடை வாங்கோ. கடதாசி அவ எடுத்தது, இடையிலை நிண்டா அவ தள்ளட்டும்" என்று ஜெனிற்றா போனில் சொல்லியிருந்தா. ஏறினேன். என் வயதுக்கு அந்தக் கார் மிகத் தாழ்வு, ஏறுவதற்கே இரண்டு தரம் முயற்சி செய்தேன்.

பாதி வழியில் பொலிஸ் மறித்தது. தடியை நீட்டி ஓரங்கட்டச் சொன்னார்கள். வன்னியிலிருந்து வந்தவர்களோடு காரில் போனவர்களுக்குத் தெரியும், சோதனைச் சாவடியைக் கண்டால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று. என் தகப்பன் வயதில் உள்ளவர்கள்கூட நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். யோகனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஆறுதலாக யன்னலை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, கடதாசியை நீட்டினார்.

இளம் பொலிஸ்காரர் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். கடதாசியை வாசித்தார். திரும்பவும் காரைப் பார்த்தார்.

"இது என்ன கம்பனி?"

"அதில் எழுதியிருக்கிறது. என் பெயர்" என்றார் யோகன்.

பொலிஸ்காரர் மற்றவரையும் கூப்பிட்டார். இரண்டு பேரும் எஞ்சினைத் திறந்து காட்டச் சொன்னார்கள். சட்டப்படி அல்ல, ஆசையில். யோகன் பெருமையாக இறங்கிப் போய்த் திறந்து காட்டினார். கால் மணித்தியாலம் கதைத்தார்கள். நான் உள்ளேயே இருந்தேன், இறங்கினால் திரும்ப ஏற ஏலாது.

மொண்டெல்லோவில் ஜெனிற்றா றோட்டோரம் காத்துக்கொண்டு நின்றா. காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உண்மையாத்தான் கராஜிலை நிண்டிருக்கிறார்" என்று சொல்லி ஏறினா. இரண்டு பேர் கார் என்பதால் நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

மேசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வைத்திருப்பது இரண்டு. பரிசோதனைக்கு முதல் ஒருவருக்கும் அடியில் பெயின்ற் அடிக்கச் சொல்லாதீர்கள். மற்றது, பைல் முடிந்தபின் ஒரு தரமாவது அந்த வண்டியில் ஏறிப் போய்ப் பாருங்கள். இருபத்தாறு வருடத்தில் நான் அதை ஒரே ஒரு நாள்தான் செய்தேன்.